அடுப்புக்கா, அம்மனுக்கா

அங்காளம்மாள் வாயில் ஒரு நாளைக்கு அதிகம் வந்துபோகிற சொல் "சீ". காலையில் வாசல் தெளிக்க வரும்போதே அதைச் சொல்லிக்கொண்டுதான் வருவாள். ஏரியில் குப்பையைக் கொட்டிவிட்டுப் போகிற லாரியைப் பார்த்தால் சீ. ஈர விறகை நல்ல விறகோடு கலந்து அனுப்புகிற வியாபாரியைப் பார்த்தால் சீ. வயலில் கல் நட்டு மனை என்று விற்கிறவர்களின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தால் சீயோடு சேர்த்து ஒரு காறலும் உண்டு. எதிர்வீட்டில் குடியிருந்த நான் முதலில், என்ன பொம்பளை இவள், வாயைத் திறந்தாலே இப்படி என்று நினைத்தேன். பதினைந்து வருஷம் அந்த ஊர்க்காரர்களைப் பார்த்த பிறகு அந்த "சீ" எனக்கும் ஒட்டிக்கொண்டது. இதைச் சொல்லும்போதும் அது என் நாக்கு நுனியில்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் பீர்க்கன்கரணை ஏரியைத் தாண்டி, பெருங்களத்தூர் ரயில்வே கேட்டுக்குப் போகிற வழியில் இருந்தது. இப்போது அதை ஊர் என்று சொல்ல முடியாது. நகர், எக்ஸ்டென்ஷன், ஃபேஸ் டூ என்று என்னென்னவோ பெயர். நான் சானடோரியம் காசநோய் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எண்பதில் அரை கிரவுண்டு வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்தேன். காந்திமதி என்கிற என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் நர்சம்மாதான்.

என் வீட்டுக்கு எதிரே அங்காளம்மாளின் விறகுத் தொட்டி, அதாவது விறகுக் கடை. புருஷன் விட்டுவிட்டுப் போன தொழில் அது. பிள்ளை இல்லை. தம்பி கிட்டுவைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தாள். விறகு பிளப்பது, தராசில் எடைக்கல் வைப்பது, சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போடுவது எல்லாம் அவன் வேலை. நல்ல உயரம், கணீரென்ற குரல். சித்திரையில் ஊர்க் கூத்தில் அவன்தான் அர்ஜுனன்.

எங்கள் ஊர்த் திரௌபதியம்மனுக்குச் சித்திரையில் பாரதம் நடக்கும். அதில் அர்ஜுனன் வில் வளைக்கிற நாளுக்குத்தான் கூட்டம் அதிகம். அட்டையிலோ தகரத்திலோ செய்த வில் இல்லை, ஆளுயர மர வில். சாயங்கால வெயிலில், கோயில் திடலில், ஜனங்கள் பார்க்க அதில் நாண் ஏற்றி, காது வரை இழுத்து, உயரே கட்டியிருக்கும் மர மீனை அடிக்க வேண்டும். தீமிதி அன்று அந்த வில்லை நெருப்பில் போட்டுவிடுவார்கள். அதனால் வருஷா வருஷம் புது வில் வேண்டும்.

அந்த வில்லுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பச்சை மரத்தில் கோடாலி படக் கூடாது. ஊர் எல்லைக்குள், நின்றது நின்றபடியே தானாகப் பட்டுப்போன மரத்தில்தான் வில் செய்ய வேண்டும். ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். வில் செதுக்குகிற தச்சர் எலியேசர் மட்டும் தன் கணக்கில் ஒன்று சொன்னார். "பச்சை மரத்தை வெட்டினா காயறதுக்கே ஒரு வருஷம் ஆவும் நர்சம்மா. பட்ட மரம் நின்னுகினே காஞ்சிருக்கும். அம்மன் வெவரமானவ." ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற மனுஷர் அவர். ஆனாலும் அம்மன் வில் அவர் கையால்தான், அதில் யாருக்கும் ஆட்சேபணை கிடையாது.

இதுவரைக்கும் நல்ல வழக்கம்தான். அதோடு ஒட்டிக்கொண்டிருந்த இன்னொன்றுதான் நாற்றம் பிடித்தது. யார் நிலத்து மரத்தில் வில் செய்கிறார்களோ அவர் வீட்டு வாசலில்தான் அம்மன் முதலில் வந்து நிற்பாள். முதல் மாலை அவருக்கு, முதல் தேங்காய் அவருக்கு. வயலை எல்லாம் மனை போட்டு விற்றுத் தீர்த்த பிறகு, அந்தப் பெரிய வீட்டுக்காரர்களுக்கு அடித்துக்கொள்வதற்கு மிச்சம் இருந்தது அந்த மாலை ஒன்றுதான்.

எண்பத்திரண்டில் மரம் கொடுத்தவர் சுப்பராயலு. ஊரில் பெரிய கை. அவருடைய கிணற்று மேட்டில் ஒரு கருவேல மரம் பட்டு, பட்டை எல்லாம் உதிர்ந்து, வெகுகாலமாக நின்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கம் போன அங்காளம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "இது அடுப்புக்குக் கூட ஆவாது, பொகையும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். விறகு விற்கிறவள் சொன்னால் பெரிய வீட்டுக்காரர் கேட்பாரா? எலியேசர் இழைக்கும்போதே மரத்திலிருந்து மாவு கொட்டியதாம். அதை அவர் எல்லாம் முடிந்த பிறகு சொன்னார். சுப்பராயலுவின் குரலுக்குப் பயந்து அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

கிட்டு நாண் ஏற்றினான். இழுத்தான். வில் முறிந்த சத்தம் கூடப் பெரிதாக இல்லை, அப்பளம் நொறுங்குகிற மாதிரிதான் கேட்டது. ஜனங்கள் கை தட்டக்கூடச் செய்தார்கள். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒரு சிராய் இடது கண்ணில் ஏறியிருந்தது. என் முந்தானையால் கட்டி, எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்கு நானும் அங்காளம்மாளும் ஆட்டோவில் கொண்டுபோனோம். கண்ணை எடுத்துவிட்டார்கள். மறுநாள் நாங்கள் திரும்பி வந்தபோது, அம்மன் வழக்கம்போல் சுப்பராயலு வீட்டு வாசலில் முதலில் நின்றாள் என்றும், அவர் மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டார் என்றும் கேள்விப்பட்டேன். எத்தனையோ சீழையும் சளியையும் ரத்தத்தையும் பார்த்தவள் நான். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தெருவில் காறித் துப்பினேன்.

அதோடு விட்டார்களா? ஊனப்பட்டவன் அம்மன் வில்லைத் தொடக் கூடாது என்று கோயில் கமிட்டி சொல்லிவிட்டது. கண்ணைப் பறித்ததும் அவர்கள் வில், இனிமேல் தொடாதே என்று சொன்னதும் அவர்கள் வாய். கிட்டு பொய்க் கண் வைத்துக்கொள்ள ஒப்பவில்லை. கண்குழியில் அடிக்கடி நீர் கோத்துக்கொள்ளும். அதைத் துடைத்துக் கட்டுவதற்கு ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் காஸ் துணி வாங்கி மாதா மாதம் நான் கொடுப்பேன். அங்காளம்மாள் எதையும் வீணாக்க மாட்டாள். மிச்சத் துணியில் கொத்தமல்லி, மிளகு, பெருங்காயம் என்று சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி அடுக்களையில் வைத்துக்கொள்வாள்.

அடுத்த திருவிழாவுக்கு முன்னால் கமிட்டி கூடியபோது அங்காளம்மாள் கையில் கொடுவாளோடு போய் நடுவில் நின்றாள். "இனிமே மரத்தை நான் பாத்து சொல்றேன். நான் வேணாம்னு சொன்ன மரத்துல வில்லு செஞ்சீங்கன்னா, கூத்துக் கொட்டாயை கொளுத்திடுவேன்" என்றாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. பயந்துபோய் இல்லை. நாளைக்கு இன்னொருத்தனுக்குக் கண் போனால் பழியைப் போட ஒரு தலை கிடைத்ததே என்கிற நிம்மதி.

அவள் மரம் பார்ப்பதை லீவு நாளாக இருந்தால் நானும் போய்ப் பார்ப்பேன். முதலில் அண்ணாந்து உச்சியைப் பார்ப்பாள். மிலாறுகள், அந்தப் பொடிக் கிளைகள், இன்னும் இருந்தால் மரம் செத்துக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. மொட்டையாக இருந்தால் ரொம்ப நாள். பிறகு குனிந்து அடியைப் பார்ப்பாள். மாவு கொட்டியிருக்கிறதா, கரையான் மண் ஏறியிருக்கிறதா, காளான் முளைத்திருக்கிறதா என்று. ஏரியைப் பார்த்த பக்கம் ஈரம் குடித்துச் சீக்கிரம் இற்றுப்போகுமாம், அதனால் அந்தப் பக்கத்தைத் தடவித் தடவிப் பார்ப்பாள். பட்டை உரிந்த இடத்தில் மரத்தின் கோடுகள் நேராக ஓடுகின்றனவா, முறுக்கிக்கொண்டு ஓடுகின்றனவா என்று விரலால் தொடர்ந்து போவாள். முறுக்கு மரம் என்றால் அங்கேயே சீ.

அதற்கப்புறம் கொடுவாளின் முதுகால் தட்டுவாள். எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் நோயாளி முதுகில் விரலை வைத்துத் தட்டிக் கேட்கிற மாதிரியேதான் இருக்கும். கணீரென்றால் சரி. பொத்தென்றால் உள்ளே ஒன்றும் இல்லை. தட்டி முடித்ததும் ஒரு வெட்டுப் போட்டு உள்ளே பார்ப்பாள். வெளி வெள்ளையைப் பூச்சி தின்றிருந்தால் பரவாயில்லை, உள்ளே கறுத்த வைரம் கெட்டியாக இருக்க வேண்டும். கடைசியாக வைரத்திலிருந்து ஒரு சிம்பு கிழித்து, மோந்து பார்த்து, முழங்காலில் வைத்து மெதுவாக வளைப்பாள். முறிகிற வரை வளைப்பாள். டீக்கடைப் பொறை மாதிரி மொடுக்கென்று முறிந்தால், எவ்வளவு அழகான மரமானாலும் உயிர் இல்லை. நார் நாராகக் கிழிந்து, முறிய மனசில்லாமல் தொங்கினால் அதுதான் வில் மரம்.

பார்த்து முடித்துச் சொல்வது ஒரே வார்த்தை. "அடுப்புக்கு" என்பாள், இல்லாவிட்டால் "அம்மனுக்கு" என்பாள். அடுப்புக்கு என்று சொன்னால் வெற்றிலைச் சாற்றை மரத்தடியில் துப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பாள். மரத்துக்குச் சொந்தக்காரர் முகம் அப்போது பார்க்கச் சகிக்காது. பணம் கொடுத்துப் பார்த்தார்கள், பட்டுப் புடவை கொடுத்துப் பார்த்தார்கள். "உன் பொடவையை கட்டிகினு, நாணு இழுக்கற பையனுக்கு கண்ணு நானா தருவேன்?" என்று கேட்டு வாசலோடு அனுப்பினாள். அவள் பார்த்துச் சொன்ன மரத்தில் செய்த வில் ஒன்று கூட முறியவில்லை.

கிட்டுவும் கூடவே வருவான். கொடுவாளைத் தூக்கிக்கொண்டு வருவான், திருப்பித் தூக்கிக்கொண்டு போவான். எலியேசர் வில்லைச் செதுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான், தொட மாட்டான். வில் வளைக்கிற அன்று மட்டும் திடலுக்கு வராமல் தொட்டியில் உட்கார்ந்து, யாரும் கேட்காத விறகைப் பிளந்துகொண்டிருப்பான்.

சுப்பராயலு செத்த பிறகு அவர் மகன் குப்புராஜ் கமிட்டியில் உட்கார்ந்தான். அப்பனுக்குக் குரல் பெரிசு, இவனுக்குச் சிரிப்பு பெரிசு. கும்பிட்டுக்கொண்டே வருவான். கோயிலுக்குப் பின்னால் இருந்த தன் கடைசி வயலையும் மனை போட்டு அதற்கு அம்மன் நகர் என்று பெயர் வைத்தான். அந்த லேஅவுட்டில் மெயின் ரோடு வருகிற இடத்தில், நடுவே ஒரு பெரிய கருவேல மரம் நின்றது. ஊர்வலத்தில் அம்மனை இறக்கி வைத்துச் சற்று இளைப்பாறுகிற மரம். அதை வெட்டப் போனபோது தெருப் பொம்பளைகள் முறத்தையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். குப்புராஜ் சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனான். அந்தச் சிரிப்பை அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அது தொண்ணூற்றிரண்டு. அந்த ஆடி மாதம்தான் எனக்கும் அங்காளம்மாளுக்கும் பெரிய சண்டை. முந்தின நாள் ரசத்துக்கு அவளிடம் கொஞ்சம் பெருங்காயம் கடன் வாங்கியிருந்தேன். மறுநாள் அவள் அடுக்களையில் பெருங்காய முடிச்சையே காணோம். புதிதாக வாங்கிய கட்டிப் பெருங்காயம், முழுசாகப் போய்விட்டது. நடுத் தெருவில் நின்று கத்தினாள். "மோந்து பாக்க குடுத்தா மூட்டையோட தூக்கினு போறாங்க. படிச்சவங்க பண்ற வேலையா இது? சீ!" பெருங்காயத் திருடி என்று பெயர் வாங்க நான் நர்சிங் படித்திருக்க வேண்டாம். எனக்கும் கோபம் வந்துவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது. காஸ் துணியை மட்டும் கிட்டு வந்து தலையைக் குனிந்துகொண்டு வாங்கிப் போவான்.

மழைக்காலம் முடிவதற்குள் அந்தக் கருவேல மரத்தில் இலை பழுக்க ஆரம்பித்தது. தை பிறந்தபோது ஒரு இலை இல்லை. மாசியில் குப்புராஜ் கமிட்டியில் எழுந்து நின்று கண் கலங்கச் சொன்னானாம், அம்மன் தன் வில்லுக்குத் தானே மரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டாள், அதையும் அவன் நிலத்திலேயே கொடுத்துவிட்டாள் என்று. ரோடும் கிடைக்கும், மாலையும் கிடைக்கும். கண் கலங்காமல் என்ன செய்யும்!

அந்த வருஷம் எல்லையில் வேறு பட்ட மரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஏரிக்கரைப் புறம்போக்கில் நின்ற வேலமரம். அதை அங்காளம்மாள் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுப்புக்கு என்று துப்பிவிட்டு வந்திருந்தாள். ஆக அம்மன் நகர் மரத்தைப் பார்க்க ஊரே கூடிவிட்டது. மேளக்காரர்களைக் கூடக் கூட்டி வந்து நிறுத்தியிருந்தான் குப்புராஜ். பேச்சு இல்லாவிட்டாலும் நானும் போய் ஓரமாக நின்றேன்.

"வாக்கா, உன் வாயால ஒரு நல்ல வார்த்தை சொல்லு" என்று குப்புராஜ் கும்பிட்டான்.

அங்காளம்மாள் அவனைப் பார்க்கவே இல்லை. உச்சியைப் பார்த்தாள், மிலாறுகள் எல்லாம் அப்படியே இருந்தன. அடியில் மாவு இல்லை, காளான் இல்லை. தட்டினாள். அந்த மாதிரி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை, கோயில் மணிதான். வெட்டிப் பார்த்தாள். வைரம் கன்னங்கரேலென்று இருந்தது. சிம்பு கிழித்து முழங்காலில் வைத்து வளைத்தாள். வளைந்துகொண்டே போனது. முறியாமல், நார் நாராகப் பிரிந்து தொங்கியது. அவள் முகத்தில் சுளிப்பு போய், ஆசை மாதிரி ஒன்று வந்தது. மேளக்காரன் குச்சியை எடுத்துவிட்டான்.

சிம்பை மூக்குக்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். மறுபடி மோந்தாள். சிம்பைக் கீழே போட்டுவிட்டு மரத்தைச் சுற்றி மோந்துகொண்டே நடந்தாள். ஏரிப்பக்கம் இடுப்பு உயரத்தில், பட்டையோடு பட்டையாகச் சாணியும் களிமண்ணும் அப்பியிருந்த ஒரு இடத்தில் கொடுவாள் முனையை விட்டு நெம்பினாள். அடைப்பு பெயர்ந்து விழுந்தது. உள்ளே துளை. துளைக்குள்ளிருந்து அவள் விரலில் மாட்டிக்கொண்டு ஒரு வெள்ளைத் துணி முடிச்சு வந்தது. காற்றோடு வந்த வாசனையில் ஊரே மூக்கை உறிஞ்சியது. பெருங்காயம்.

அந்தத் துணியை எனக்குத் தெரியாதா? மாதா மாதம் என் கையால் வெட்டிக் கொடுக்கிற காஸ் துணி. அங்காளம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு மாதம் கழித்து அப்போதுதான் பார்த்தாள்.

பிறகு மண்டி போட்டு வேர்ப்பக்கம் மண்ணைக் கிளறினாள். அங்கேயும் துளைகள் இருந்தன, உள்ளே வெந்து கருகியிருந்தன. பேட்டரிக்கு ஊற்றுகிற ஆசிட் என்று பிறகு தெரிந்தது. குப்புராஜ் ஆள் வைத்து வேரில் ஆசிட் ஊற்றியிருக்கிறான். அதோடு விட்டிருந்தால் மண்ணை மூடிய பிறகு யாருக்கும் தெரிந்திருக்காது. பெருங்காயம் வைக்காமல் மரம் பட்டுப்போகாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. துளை போட்டவன் அதையும் விடாமல் செய்திருக்கிறான், அதுவும் இந்த மூக்குக்காரியின் அடுக்களையிலிருந்தே எடுத்து.

"அது பூச்சி அரிச்ச ஓட்டை அக்கா" என்றான் குப்புராஜ், சிரிப்பு குறையாமல்.

"எந்தப் பூச்சிடா காஸ் துணி கட்டிகினு வருது?" என்றாள். அவள் கண் கூட்டத்தில் தேடியது. மேளக்காரர்களுக்குப் பின்னால் கிட்டு நின்றுகொண்டிருந்தான்.

"டேய், இங்க வா. இது உன் கண்ணுக்கு கட்ற துணி."

கிட்டு வந்தான். எல்லோர் முன்னாலும் குழந்தை மாதிரி அழுதான். "ஒரே ஒரு வாட்டி வில்லைத் தொடணும்க்கா. இந்த வாட்டி நீதான் அர்ஜுனன்னு சொன்னாரு. கண்ணு போனப்புறம் நான் மனுசனாவே இல்லக்கா."

"அப்பன்காரன் உன் கண்ணைப் புடுங்கினான். புள்ளகாரன் வந்து கூப்ட்டா அவன் பின்னாடி போறியா? உனக்கு நான் சோறா போட்டேன், இன்னாத்த போட்டேன்? சீ!" அந்த "சீ"யை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அது அவள் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

கமிட்டியில் வயசான ஒருவர் கனைத்துக்கொண்டு கேட்டார். "சரி அங்காளம்மா, அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மரத்தை சொல்லு. அடுப்புக்கா, அம்மனுக்கா?"

அடுப்புக்கு என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லித் துப்பிவிட்டு வந்திருக்கலாம். எல்லாம் அதோடு முடிந்திருக்கும். சொல்லித் தொலையேன் என்று எனக்குப் பதறியது. ஆனால் மரத்தைப் பற்றி அவள் ஒரு தடவை பொய் சொல்லிவிட்டால், அப்புறம் அவள் வார்த்தையை நம்பி எவன் நாணை இழுப்பான்? அது அவளுக்குத் தெரியும். கிழிந்த சிம்பைக் கீழேயிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"மரம் நல்லா கீது. வில்லு முறியாது. ஆனா இது பட்ட மரம் இல்ல, சாவடிச்ச மரம். அம்மனுக்கு ஆவாது."

சொல்லிவிட்டு நடந்தாள். அன்று அவள் துப்பவில்லை.

கமிட்டி அங்கேயே நின்று பேசியது. மரம் நல்லா கீது, வில்லு முறியாது என்கிற வரைக்கும்தான் அவர்கள் காதில் விழுந்தது. செத்தது செத்துப்போச்சு, இனிமேல் அது எப்படிச் செத்தால் என்ன என்றார் ஒருவர். அங்காளம்மா வாயாலேயே நல்ல மரம் என்று வந்துவிட்டதே என்றார் இன்னொருவர். மறுநாள் காலையில் மரத்தை வெட்டினார்கள். எலியேசர் வில் செதுக்கினார். நீங்களுமா என்று கேட்டதற்கு, "நான் தச்சன் நர்சம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டார். குனிவதற்கென்றே சில தலைகளை ஆண்டவன் படைத்திருக்கிறான்.

வில் வளைத்த அன்று அர்ஜுனன் வேஷத்தில் குன்றத்தூர்ப் பக்கத்திலிருந்து கூலிக்குக் கூட்டி வந்த ஒருவன் நின்றான். வில் முறியவில்லை. இவ்வளவு நல்ல வில்லைப் பார்த்ததில்லை என்று ஊரே பேசியது. அம்மன் குப்புராஜ் வாசலில் முதலில் நின்றாள், அவன் கண்ணை மூடிக்கொண்டு மாலைக்குக் கழுத்தை நீட்டினான். முந்தின நாள் கிட்டு அவன் வீட்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றதை நான் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். "ஒத்தக் கண்ணனை மேடை ஏத்தினா ஜனம் இன்னா சொல்லும் கிட்டு, நீயே சொல்லு" என்று தோளில் கை போட்டுச் சிரித்து அனுப்பினானாம். அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

திருவிழா முடிந்த வாரம் என் கொல்லைப்புறத்தில் ஒரு பெரிய கட்டு சவுக்கு விறகு கிடந்தது. நன்றாகக் காய்ந்த, ஒரு பூச்சி இல்லாத முதல்தர விறகு. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, அதுதான் அவள் மன்னிப்பு. எனக்கு கேஸ் அடுப்பு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த விறகை என்ன செய்வது என்று தெரியாமல் வெந்நீர் போட்டே தீர்த்தேன்.

அடுத்த வருஷம் கமிட்டியிலிருந்து மரம் பார்க்கக் கூப்பிட வந்தார்கள். "என் வார்த்தையில பாதிய நறுக்கி எடுத்துகினு போயிட்டீங்க. மீதிய நானே வெச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு நாடகக் கம்பெனியிலிருந்து வாடகைக்கு ஒரு வில் வந்தது. கலர் பேப்பர் ஒட்டியது. அதை இழுக்க வேண்டியதில்லை, இழுக்கிற மாதிரி நடித்தால் போதும்.

தம்பியை அவள் வீட்டை விட்டு அனுப்பவில்லை. மூன்று வேளையும் இலை போட்டு, தானே பரிமாறினாள். கண்ணுக்குத் துணி கட்டினாள். அந்த மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூட மறுபடி பேசவில்லை. ஒன்று மட்டும்தான் மாறியது. ஒரு நாள் நான் துணி கொடுக்கப் போனபோது கிட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னையும் உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் ரசம் கொடுத்தாள். வெறும் புளித்தண்ணியாக இருந்தது.

"ரசம் சப்புனு கீதுக்கா" என்றான் கிட்டு.

"பெருங்காயம் இல்ல" என்று சொல்லி இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

அவன் கை சோற்றிலேயே நின்றது. பிறகு பிசைந்து சாப்பிட்டான். அன்றிலிருந்து அந்த அடுக்களைக்குள் பெருங்காயம் வரவே இல்லை. எனக்குத் தெரிந்து அவன் கேட்கவும் இல்லை. அவ்வளவு நாளும் அந்தச் சப்பென்ற ரசத்தைத்தான் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தார்கள்.

தொண்ணூற்றெட்டு மழைக்காலத்தில் அங்காளம்மாள் போய்விட்டாள். நிமோனியா. எங்கள் ஆஸ்பத்திரியில்தான், நான்தான் பக்கத்தில் இருந்தேன். காரியத்தன்று தொட்டியில் பந்தல் போட்டுச் சமையல் நடந்தது. குப்புராஜும் கும்பிட்டுக்கொண்டே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். சாம்பார் கொதிக்கும்போது சமையல்காரர் பெருங்காய டப்பாவைத் திறந்தார். விறகு தள்ளிக்கொண்டிருந்த கிட்டு எழுந்து போய், டப்பாவின் வாயைக் கையால் மூடினான்.

"வேணாம். இந்த வூட்டுல இது போடறதில்ல" என்றான்.